எந்த வாரி வேணும்?

அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. ஆபீஸில் வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் வாரியக்கா. மேனேஜர் மட்டும் நேரில் "மேடம்" என்பார். அவள் தலை அந்தப் பக்கம் மறைந்ததும் அவரும் "வாரியக்காகிட்ட கேளுங்க" என்றுதான் சொல்வார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், குடிநீர் வாரியத்தில் இருந்துவிட்டு வந்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் குழாய் வராததைப் பற்றி அவளிடம் முறையிடுவதும் உண்டு. அவளும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கும்தான் வரல" என்பாள்.

அது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி. ஊரில் உயரமாக நிற்கிற கட்டடங்களில் பாதிக்கு மேல் அவர்கள் பொறுப்பு. லிஃப்ட் நின்றுபோனால் ஃபோன் வரும். ஃபோன் வந்தால் புகார் கம்ப்யூட்டரில் ஏறும். மெக்கானிக் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தால் அதுவும் ஏறும், மாற்றிய சாமானும் ஏறும். இப்படி ஏறினதையெல்லாம் வெளியே எடுத்து, படிக்கிற மாதிரி பிரித்து அடுக்கிக் கொடுப்பதுதான் அவள் வேலை. அறிக்கை வேண்டும் என்று யார் வந்து நின்றாலும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த வாரி வேணும்?" ஆள்வாரியா, கட்டடவாரியா, தெருவாரியா, சாமான்வாரியா, மாதவாரியா? பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அவளும் அதை உரித்துப்போட முயற்சி செய்ததில்லை.

இதை ஏதோ பெரிய வித்தை என்று பயப்பட வேண்டாம். கொடியிலிருந்து எடுத்துவந்த துணியைக் கட்டிலில் கொட்டுகிறோம். பீரோவில் வைக்கவேண்டுமானால் ஆள்வாரியாகப் பிரிப்போம். இஸ்திரிக்குப் போடவேண்டுமானால் சட்டை ஒரு பக்கம், பாவாடை ஒரு பக்கம். துணி அதே துணிதான், குவியல்தான் வேறே. அவள் செய்வதும் இவ்வளவுதான். என்ன, அவள் கட்டிலில் துணிக்குப் பதிலாக ஊர் பூராவும் நின்றுபோன லிஃப்டுகள் கிடக்கும்.

வீட்டிலும் அவளுக்கு இதே புத்தி. சமையலறை அலமாரியில் டப்பாக்களை எந்த வேளைக்கு எது எடுப்போமோ அந்த வரிசையில் வைப்பாள். அவள் கணவர் டவுன் பஸ் டிரைவர். அவருக்கு எல்லாம் ஒரே மட்டமாகத் தெரிய வேண்டும். அவர் அடுப்படிப் பக்கம் போன நாளெல்லாம் டப்பாக்கள் உயரவாரியாக மாறி நிற்கும். காலையில் காபிப்பொடியைத் தேடி உப்பை எடுத்தவள், தூங்குகிற மனிதரின் காதருகே போய், "இது பஸ் ஸ்டாண்டு இல்லைங்க" என்று கத்திவிட்டு வேலைக்குப் போவாள்.

தூங்குகிற மனிதர் என்று சொன்னது கேலிக்கு இல்லை. அவருக்கு எப்போதும் மதிய ஷிஃப்ட். அவர் வீடு திரும்பும்போது அவள் கொட்டாவி விட்டபடி கதவைத் திறப்பாள். அவள் கிளம்பும்போது அவர் இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை இவளுக்கு லீவு, அவருக்கு வண்டி. அவருக்கு வாரத்தில் ஓய்வு நாள் திங்கட்கிழமை. திங்கட்கிழமை இவளுக்கு ஆபீஸ். ஆக, இரண்டு பேரும் கண் விழித்து, ஒரே வீட்டில், உட்கார்ந்து பேசுவதற்கு என்று இருப்பது திங்கட்கிழமை சாயங்காலம் ஒன்றுதான்.

அந்தச் சாயங்காலத்தைத்தான் ஆபீஸ் தின்றுகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மேனேஜர் அறையில் வாரக் கூட்டம். ஆறு பிரிவுத் தலைவர்கள் வருவார்கள். ஆறு பேர் கையிலும் அறிக்கை இருக்க வேண்டும். ஞாயிறு பூராவும் நின்றுபோன லிஃப்டுகளின் புகார் திங்கள் சாயங்காலம் வரைக்கும் வந்துகொண்டே இருக்கும் என்பதால், ஆபீஸ் காலியாகிற நேரத்தில்தான் அவள் வேலை சூடு பிடிக்கும். ஃபோன் எடுக்கிற பிரிவின் தலைவியை ஃபோனக்கா என்பார்கள். அவளுக்குத் தெருவாரி வேண்டும். எடுத்துக் கொடுத்தால், "இதையே கட்டடவாரியா ஒரு தடவை பாத்துடலாமா?" என்பாள். ஸ்டோர்காரருக்குச் சாமான்வாரி. கொடுத்ததும் வாங்கி வைத்துக்கொண்டு, வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, "மாதவாரி போட்டா நமக்குக் கொஞ்சம் நல்லபேரு வருமோ?" என்பார். இப்படி ஆறு பேர். விளக்குப் போட்ட பிறகுதான் அவள் தெருவில் இறங்குவாள். வீட்டுக்குப் போனால் அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்து தூங்கிப்போயிருப்பார்.

மகள் வீட்டில் இருந்தவரைக்கும் இது உறைக்கவில்லை. அவள் போடுகிற கூச்சலில் திங்கள் எது செவ்வாய் எது என்று யாருக்குத் தெரிந்தது? மகள் படிக்க வெளியூர் போய் விடுதியில் சேர்ந்தபிறகுதான் வீடு ஓவென்று ஆனது. ஒரு திங்கட்கிழமை அவள் நேரம் கழித்து வந்தபோது, அவர் இரண்டு நாற்காலிகளைப் பால்கனியில் எடுத்துப் போட்டு வைத்திருந்தார். ஒன்றில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மற்றது காலியாக இருந்தது. அவள் அந்த நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. அழுதாள். மறுநாள் மேனேஜர் அறைக்குப் போய், "சார், ஒரு யோசனை" என்றாள்.

யோசனை இதுதான். ஆறு பேருக்கும் ஒரே அறிக்கை. திரையின் மேலே ஒரு பெட்டி. பெட்டியைத் தொட்டால் ஒரு வரிசை கீழே விரியும்: ஆள், கட்டடம், தெரு, சாமான், மாதம். எது வேண்டுமோ அதைத் தொட்டால் போதும், அறிக்கை அந்த வாரியாகப் பிரிந்து நிற்கும். அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவரவருக்கு வேண்டியதை, வேண்டிய தடவை எடுத்துக்கொள்ளலாம். அவளைத் தேடி வரவேண்டிய அவசியமே இல்லை.

மேனேஜர் வயதில் சின்னவர், எதற்கும் அவசரப்படாதவர். "நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா ஆறு பேரும், நாங்களே எடுத்துக்கறோம்னு ஒத்துக்கணும். ஒருத்தர் மாட்டேன்னாலும் பழையபடியே ஓடட்டும். அதுக்கப்புறம் வருஷக் கடைசி வேலை வந்துடும், இதைத் தொட யாருக்கும் நேரம் இருக்காது" என்றார்.

"ஒத்துக்குவாங்க சார். கேட்டதெல்லாம் கைக்கு வந்தா யாரு வேண்டாம்பாங்க?" என்றாள் வாரியக்கா. பாவம், அவளுக்கு லிஃப்டைத் தெரிந்த அளவுக்கு மனிதர்களைத் தெரியவில்லை.

கண்ணும் கருத்துமாகச் செய்தாள். பஸ்ஸில் போகும்போதுகூட அந்தப் பெட்டி கண்ணுக்குள் விரிந்து விரிந்து மூடிக்கொண்டது. பெட்டிக்குத் தலைப்பாக என்ன போடுவது என்று யோசித்து, கூச்சப்பட்டு, கடைசியில் "எந்த வாரி வேணும்?" என்றே போட்டாள். அறிக்கைக்கு மேலே தலைப்பு தானாக வருகிற மாதிரியும் செய்தாள். யார் கேட்கிறார்களோ அவர்கள் பதவி, பிறகு அவர்கள் தொட்ட வார்த்தை, ஒரு இடைவெளி, அதன்பின் 'வாரி', அதன்பின் 'அறிக்கை'. "ஸ்டோர் பொறுப்பாளர் சாமான் வாரி அறிக்கை." பார்க்க லட்சணமாக இருந்தது.

காட்டுவதற்கு முந்தின நாள் ஃபோனக்கா வந்து, "எனக்கு நேரமும் வேணும்டி. காலையில வர்ற புகார் தனியா, ராத்திரி வர்றது தனியா" என்றாள். அதற்கென்ன, என்று காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கையும் வரிசையில் சேர்த்துவிட்டாள். 'இரவு' ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. வாழ்நாள் பூராவும் கண்ட வார்த்தைக்கெல்லாம் வாரியை ஒட்டி ஒட்டிப் பழகிவிட்ட காது அவளுக்கு. மற்ற மூன்றையும் அந்தக் காதுக்குச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

கூட்ட அறையில் சுவர் அகலத்துக்குத் திரை. ஆறு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அதில் பெரியண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸ் கணக்கில் அவர் தலைமை மெக்கானிக். வேலையில் கெட்டி, வாய்ச்சொல்லில் சுருக்கம், மூக்குக்கு மேலே கோபம். எந்தக் கூட்டத்தில் எந்தப் பேச்சு வந்தாலும் கடைசியில் அவர் சொல்வது ஒன்றுதான்: "தெரியும்யா, எல்லாரும் என் காலை வாரத்தான் காத்திருக்கீங்க." அவர் அதைச் சொல்லவில்லை என்றால் கூட்டம் முடிந்ததாகவே யாரும் எழுந்திருக்கமாட்டார்கள்.

"அண்ணே, நீங்களே முதல்ல தொட்டுப் பாருங்க" என்று வாரியக்கா அவர் பேரில் திரையைத் திறந்து, மரியாதையாக மௌஸை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதை உயிருள்ள எலியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். பெட்டி விரிந்தது. கை எங்கேயோ போய் எதையோ தொட்டது. சுவர் அகலத்துக்குப் பளிச்சென்று வந்து நின்றது:

தலைமை மெக்கானிக் காலை வாரி அறிக்கை.

ஸ்டோர்காரர் அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். அவ்வளவுதான். ஃபோனக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. கணக்குப் பிரிவுக்காரர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். எதற்கும் அவசரப்படாத மேனேஜர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் எதையோ உற்றுப் பார்த்தார். பெரியண்ணன் எழுந்தார். "இத்தனை நாள் வாயால வாரினீங்க. இப்ப அதுக்கு மிஷினே பண்ணிட்டீங்களா?" என்றார். கதவு அறைந்து சாத்தப்பட்டது.

வாரியக்காவும் சிரித்தாள் என்பதை மறைப்பானேன்? வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கின பிறகுதான் எண்ணிப் பார்த்தாள். ஆறில் ஒருவர் எழுந்து போயாயிற்று. மேனேஜர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "செவ்வாய்க்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிடலாம் மேடம். அவரும் சரின்னாத்தான்" என்றார்.

அன்று ராத்திரி டிப்போவிலிருந்து கணவர் ஃபோன் செய்தபோது நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் சிரிப்பு ஓயவே இல்லை. அவர் பக்கத்தில் நின்ற கண்டக்டருக்குச் சொல்ல, கண்டக்டரும் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. உங்க திங்கக்கிழமை இதுலதான் இருக்கு" என்றாள்.

சிரிப்பு நின்றது. "என் திங்கக்கிழமையா?" என்றார்.

"நம்ம" என்று சொல்லிவிட்டு அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

தலைப்பை அன்றைக்கே திருத்தியாயிற்று. 'நேரவாரி' என்று ஒன்றை வைத்து, காலையையும் மாலையையும் அதற்குள் தள்ளிவிட்டாள். இனி யாருடைய காலும் வெளியே தெரியாது. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு, அதைக் காட்டி, கையோடு சம்மதம் வாங்கிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை மதியம் அவரைத் தேடிக்கொண்டு போனாள். அவர் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தார். லிஃப்டை நிறுத்தி வைத்துத்தானே லிஃப்டைப் பழுது பார்க்க முடியும்? வாரியக்கா படியேறினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினாள். படியோரம் செருப்பு விட்டிருந்த வீடுகளில் ஆள் ஆளாக எட்டிப் பார்த்து, "லிஃப்ட் எப்ப வரும்?" என்று அவளைக் கேட்டார்கள். "நானே நடந்துதானே வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

உச்சியில் தாழ்வான கதவு. உள்ளே கிரீஸ் வாசனை, பெரிய சக்கரம், அதன்மேல் இரும்புக் கயிறுகள். பெரியண்ணன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் காலை மடக்கிக்கொண்டார்.

"எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கணும் பாரு" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை என்றாலும் பேச்சில் இருந்தது. அவளுக்கு உயிர் வந்தது.

"அண்ணே, சத்தியமா வேணும்னு பண்ணல. வார்த்தை தானா ஒட்டிக்கிச்சு. இப்ப மாத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

"அட, அதுக்கா இவ்வளவு படி ஏறி வந்தே? நானே வீட்டுக்குப் போய் என் சம்சாரத்துகிட்டச் சொல்லிச் சிரிச்சேன்." மூடியில் டீயை ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"அப்ப சரின்னு சொல்லிடுங்கண்ணே. செவ்வாய்க்கிழமை."

"அது முடியாதும்மா."

அவள் டீயைக் கீழே வைத்தாள். "ஏண்ணே? பேரு பிடிக்கலன்னா மாத்தியாச்சே?"

பெரியண்ணன் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "இத பாரு. நீ குடுக்கறது ஆள்வாரியா வரும், கட்டடவாரியா வரும். எது வந்தாலும் நான் என்ன சொல்லுவேன்? 'அக்கா அப்படிப் போட்டிருக்கு'ம்பேன். முடிஞ்சுது. நானே தொட்டு எடுத்தேன்னு வெச்சுக்க. ஆள்வாரி எடுத்தா, எங்களைப் போட்டுக் குடுக்கத்தானே எடுத்தீங்கன்னு பசங்க கேப்பாங்க. கட்டடவாரி எடுத்தா, பசங்களை மறைக்கத்தானேன்னு மேனேஜர் கேப்பார். எதை எடுத்தாலும், ஏன் அதை எடுத்தேன்னு ஒருத்தன் கேப்பான். எனக்கு மோட்டாரைப் பத்திக் கேட்டா பதில் தெரியும். இதுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

ஃபோனக்கா, ஸ்டோர்காரர், மற்றவர்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். கூட்டத்தில் யாரைக் கேள்வி கேட்டாலும், "வாரியக்கா குடுத்ததுதான் சார்" என்று அவள் பக்கம் கை நீட்டுவார்கள். இத்தனை காலமும் அவள் அவர்களுக்கு அறிக்கை மட்டும் கொடுக்கவில்லை, ஒளிந்துகொள்ள ஒரு முதுகையும் கொடுத்து வந்திருக்கிறாள். இப்போது பெட்டியைக் கொடுத்துவிட்டு முதுகை எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். யார் ஒத்துக்கொள்வார்கள்? அதிலும் ஒரு உண்மை குத்தியது. அந்த முதுகாக இருப்பது அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆறு பேர் தன் நாற்காலியைச் சுற்றி நிற்பதில் ஒரு பெருமை இல்லாமலா இத்தனை திங்கட்கிழமையைக் கொடுத்தாள்?

"உங்களுக்கு எது வேணும்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்? நான் பாட்டுக்கு ஒண்ணு போடறேன், நீங்க வாங்கிட்டுப் போறீங்க" என்றாள்.

"தெரியாம என்ன? எப்பவும் கட்டடவாரிதானே போடுவே. உள்ளுக்குள்ள லிஃப்ட்வாரி. வழக்கம்போலத்தான்."

அவள் சட்டென்று எழுந்தாள். தாழ்வான கூரையில் தலை இடித்தது. "அண்ணே, வழக்கம்போலன்னு ஒரு பட்டன் வெச்சா?"

"அப்படின்னா?"

"நீங்க பெட்டியையே திறக்க வேணாம். இத்தனை நாள் உங்களுக்கு நான் எப்படிப் போட்டுக் குடுத்தேனோ அப்படியே வரும். யாராவது ஏன்னு கேட்டா..."

பெரியண்ணன் முகம் மெல்ல மலர்ந்தது. "'வழக்கம்போலத்தான் வந்துச்சு'ம்பேன்" என்றார். சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை, மேனேஜரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொல்லிப் பார்த்தார். "இதுல எவனும் என் காலை வார முடியாது!"

அவள் இறங்கும்போது லிஃப்ட் ஓட ஆரம்பித்திருந்தது. அவருடைய மோட்டார் இறக்கிவிட, அரசி மாதிரி கீழே வந்து சேர்ந்தாள்.

சனிக்கிழமை உட்கார்ந்து மாற்றினாள். திரையைத் திறந்ததும் பெரிதாக ஒரு பட்டன், 'வழக்கம்போல'. அதற்குக் கீழே, சின்னதாக, 'எந்த வாரி வேணும்?' பெட்டி. ஒருவர் பெட்டியில் எதையாவது தொட்டு எடுத்தால் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அதையே அவருக்கு 'வழக்கம்போல' என்று காட்டும். ஒரு தடவை எடுத்தால் போதும், அது வழக்கம். இன்னும் ஒன்றும் எடுக்காதவர்களுக்கு என்ன காட்டுவது? அதை அவளே நிரப்பினாள். யாருக்கு எப்படிக் கொடுத்தோம் என்று எதையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஃபோனக்காவுக்குத் தெரு, ஸ்டோர்காரருக்குச் சாமான், அண்ணனுக்குக் கட்டடம். ஆறு பேருடைய வழக்கமும் அவள் விரல்நுனியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் ஆறு பேரும் பட்டனை அமுக்கினார்கள். அமுக்கினதும் அவரவர் பழைய அறிக்கை அப்படியே வந்து நின்றது. ஆறு பேர் முகத்திலும், பழகின நாற்காலியில் உட்கார்ந்த நிம்மதி. "என்னைத் தனியா விட்டா நானே எடுத்துக்குவேன் சார்" என்று பெரியண்ணன் முதலில் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மேனேஜரும் சரி என்றார். அந்த நிம்மதியில் வேடிக்கை ஒன்று நடந்தது. பயம் போனதும் ஸ்டோர்காரர் சும்மா இருக்கமாட்டாமல் கீழே இருந்த பெட்டியைத் திறந்து மாதவாரியைத் தொட்டுப் பார்த்தார். அதைப் பார்த்து ஃபோனக்கா நேரவாரியைத் தொட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆறு பேரும் விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளைகள்போலத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, அந்தக் காலை வாரி எங்க?" என்று பெரியண்ணன் திரையில் தேடினார்.

"எடுத்துட்டேண்ணே."

"ஏன் எடுத்தே? நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். இந்தத் தடவை மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, நேராகவே சிரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை. சாயங்கால மணி அடித்து ஆபீஸ் காலியாகத் தொடங்கியது. வாரியக்கா நாற்காலியிலேயே உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. ஃபோனக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு, "போகலையாடி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. பிறகு எழுந்து, விளக்குப் போடாத தெருவில், வெயில் இன்னும் சுவரில் இருக்கும்போதே நடந்து வீட்டுக்கு வந்தாள்.

கணவர் சமையலறையில் டப்பாக்களை உயரவாரியாக மாற்றிக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட முகத்தோடு திரும்பினார். "என்ன, ஆபீஸ்ல கரண்ட் போயிடுச்சா?"

"நம்ம திங்கக்கிழமை வந்துடுச்சுங்க" என்றாள்.

அவர் கைத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். உடனே முகம் கழுவினார். உடனே சட்டையை மாற்றினார். அவளும் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் கூடத்தில் எதிரும் புதிருமாக நின்றார்கள்.

"எங்க போலாம்?" என்றார் அவர்.

"நீங்களே சொல்லுங்க."

"நீ சொல்லேன். எனக்கு எதுவா இருந்தாலும் சரி."

"எனக்கும் எதுவா இருந்தாலும் சரிதாங்க."

"கடைக்கு?"

"என்ன வாங்க?"

"பூங்கா?"

"போலாம். உங்களுக்குப் பிடிக்குமா?"

"தெரியலயே. உனக்கு?"

இப்படியே கொஞ்ச நேரம் போனது. இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆறு பேரைப் பெட்டியைத் திறக்க வைத்தவள், தன் வீட்டுப் பெட்டியின் முன்னால் திருதிருவென்று விழிக்கிறாளே! பெரியண்ணன் ஞாபகம் வந்தது. எதைச் சொன்னாலும், ஏன் அதைச் சொன்னோம் என்று ஆகிவிடுமோ என்ற அதே பயம்தான்.

"சரி விடு. வழக்கம்போல..." என்று ஆரம்பித்த கணவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆபீஸில் ஆறு பேருடைய வழக்கத்தையும் யோசிக்காமல் நிரப்பினவள், இப்போது தேடிப் பார்த்தாள். இந்த வீட்டில், திங்கட்கிழமை சாயங்காலம், இவரும் நானும் வழக்கமாக என்ன செய்வோம்? ஒன்றும் இல்லை. காட்டுவதற்கு ஒன்றுகூட இல்லை. ஊருக்கெல்லாம் வாரி வாரிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தாள். கண் கலங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, ஏதோ கூடாத ஆசையைச் சொல்வதுபோலச் சொன்னார். "சொன்னா சிரிக்கக் கூடாது. எனக்குப் பஸ்ல போகணும்."

"பஸ்லயா? நாள் பூரா அதுலதானே இருக்கீங்க?"

"ஓட்டிக்கிட்டு இருக்கேன். உக்காந்து போனதில்ல. ஜன்னலோரமா, உன் பக்கத்துல. யாராவது ஓட்டட்டும்."

அவள் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் கடைசிக்கு முந்தின சீட் கிடைத்தது. அவர் ஜன்னலோரம். தினமும் போகிற தெருதான், ஆனால் பக்கவாட்டில் பார்த்ததில்லையாம். "இங்க ஒரு தையல் கடை இருக்கா? இந்த வீட்டு மாடியில இவ்வளவு செடியா?" என்று ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். வாய்தான் ஜன்னலில், கால் வேலையில் இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் வலது கால் தரையை அழுத்தி பிரேக் போட்டது. அவள் தன் காலை அவர் காலின்மேல் வைத்து, "வேற ஆளு ஓட்டறாருங்க" என்றாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவரை அடையாளம் கண்டு, "என்னண்ணே, எங்களை வேவு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். "பொண்டாட்டியோட ஊர் சுத்தறேன்யா" என்று அவர் பஸ் பூராவும் கேட்கச் சொன்னார். முன் சீட்டில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வாரியக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவள் வீட்டுக்கு வந்தபோது, அவர் சட்டை மாற்றி, தலை வாரி, கையில் சாவியோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

"எங்க போலாம்?" என்றார்.

"வழக்கம்போல" என்றாள்.

"ஒரு தடவை போனதுக்குப் பேரு வழக்கமா?"

"என் ப்ரோக்ராம்ல அப்படித்தாங்க."